விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது: சுகர் மேல் மட்டும் பழி போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 57, ஊர் கரூர். 12 வருடமாகச் சுகர். மெட்ஃபார்மின் 1000 மி.கி. காலையும் இரவும் சாப்பிடுகிறேன். நெஞ்செரிச்சலுக்காக இரண்டு வருடமாகத் தினமும் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல். சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. எட்டு மாதமாக இரண்டு கால் விரல்களிலும் எறும்பு ஊர்வது போல இருக்கிறது. படுத்தால்தான் அதிகம். சில ராத்திரி போர்வை பட்டாலே எரிகிறது. மூன்று மாதச் சுகர் சராசரி (HbA1c) 7.1, ஹீமோகுளோபின் 12.2. டாக்டர் ‘சுகர் இருந்தால் இப்படித்தான்’ என்று சொல்லி, பிரிகாபாலின் கலந்த நரம்பு மாத்திரை கொடுத்தார். தலைசுற்றலும் பகல் தூக்கமுமாக இருந்ததால் பத்தே நாளில் நானே நிறுத்திவிட்டேன். அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. மகன் ஆன்லைனில் சத்து மாத்திரை வாங்கி அனுப்பியிருக்கிறான், இன்னும் பிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் காலை வைக்கச் சொல்கிறார். இது போகுமா? கடைசியில் காலை எடுக்கும்படி ஆகிவிடுமா?

பதில்: அந்த டப்பாவை இன்னும் பிரிக்காமல் வைத்திருப்பது நல்லதாகப் போயிற்று அம்மா. அதைப் பிரிக்கும் முன் உங்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பாக்கி இருக்கிறது: வைட்டமின் பி12. எட்டு மாதத்தில் யாரும் அதைப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

உங்கள் டாக்டர் சொன்னது தப்பில்லை. 12 வருடச் சுகர், இரண்டு காலிலும் ஒரே மாதிரி, விரல் நுனியில் ஆரம்பம், இரவில் அதிகம் என்றால் எவரும் முதலில் சுகரைத்தான் நினைப்பார்கள். ஆனால் சுகர் இருப்பவருக்கு வரும் மதமதப்பெல்லாம் சுகரால் வந்தது என்று சொல்ல முடியாது. உங்களிடம் மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. சாப்பாட்டில் உள்ள பி12 புரதத்திலிருந்து பிரிந்து வர வயிற்று அமிலம் வேண்டும். பான்டோபிரசோல் அந்த அமிலத்தைத்தான் குறைக்கிறது. பிரிந்த பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட வேண்டும். மெட்ஃபார்மின் அங்கே குறுக்கே நிற்கிறது. அளவும் வருடமும் கூடக்கூடத் தடையும் கூடும். இவை போக, பி12 உள்ளே வருவதற்கே உங்களுக்குப் பாலும் தயிரும் மட்டும்தான் வழி. ஒரு நாளைக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் தேவை. அரை லிட்டர் பால் குடித்தால் ஏறக்குறைய அந்தக் கணக்கு வரும். இரண்டு வேளைக் காபியில் விடும் பால் எந்த மூலைக்கு? கீரை, பயறு, பேரீச்சை எதிலும் நம்பக்கூடிய அளவில் பி12 கிடையாது. கல்லீரல் சில வருடங்களுக்கான கையிருப்பை வைத்திருக்கும் என்பதால் இத்தனை நாள் வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம்.

‘ஹீமோகுளோபின் 12.2 இருக்கிறதே’ என்று நினைக்க வேண்டாம். பி12 குறைவால் ரத்தம் குறையாமலே நரம்பு மட்டும் கெடுவது உண்டு. ஃபோலிக் ஆசிட் கலந்த சத்து மாத்திரையை மட்டும் சாப்பிட்டால் ரத்த அளவு நிமிர்ந்து நிற்கும், உள்ளே நரம்பு தேய்ந்துகொண்டே போகும். மாத்திரைக்கு முன் பரிசோதனை என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, பி12 உள்ள மாத்திரையைச் சில நாள் போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் எண் உயர்ந்துவிடும். குறைவு இருந்ததா இல்லையா என்று அப்புறம் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து மாதத்துக்கு முன் பத்து நாள் சாப்பிட்டது பெரிய குழப்பம் செய்யாது, ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்த நரம்பு மாத்திரையில் மெத்தில்கோபாலமின் என்ற பி12 சேர்ந்திருந்திருக்கும்.

பி12 முடிவு ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு உறுதி. 200க்கும் 300க்கும் நடுவில் இருந்தால் சந்தேக எல்லை. அப்போது பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீன் அல்லது மெத்தில்மலோனிக் ஆசிட் பார்த்து முடிவெடுப்பார்கள். உங்களைப் போல அறிகுறியும் காரணங்களும் இருப்பவருக்கு அந்த நடு எண்ணிலேயே சிகிச்சை தொடங்குவதுதான் சரி என்பது என் கருத்து. அதே ரத்தத்தில் தைராய்டுக்கு டிஎஸ்எச், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், முழு ரத்த எண்ணிக்கை மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் நரம்போடு தொடர்புடையவை. கிரியாட்டினின் தெரியாமல் பிரிகாபாலினுக்கு அளவு வைக்கவும் முடியாது. ஒரு சின்ன விஷயம்: முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் தைராய்டு முடிவு தப்பாக வரலாம். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள்.

பி12 குறைவு என்று வந்தால் சிகிச்சை எளிது. 1000 மைக்ரோகிராம் ஊசி முதல் ஒன்றிரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்றாக ஒரு மாதம், அதன் பின் மாதம் ஒன்று என்று போவது வழக்கம். டாக்டருக்கு டாக்டர் கொஞ்சம் மாறும். ஊசி பிடிக்காதவர்களுக்கு 1000 முதல் 2000 மைக்ரோகிராம் மாத்திரை தினமும் கொடுத்தாலும் வேலை செய்யும், ஏனென்றால் அவ்வளவு பெரிய அளவில் ஒரு சிறு பங்கு தானாகவே குடலைக் கடந்துவிடும். ஆனால் நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கும்போது முதலில் ஊசிதான் நல்லது. பத்து ஊசி போட்டு நிறுத்திவிடும் கதை இல்லை. காரணம் தொடரும்வரை மருந்தும் தொடர வேண்டும்.

அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது நல்ல மருந்து, பி12 குறைவைச் சரிக்கட்டிக்கொண்டே அதைத் தொடரலாம். பான்டோபிரசோலைப் பற்றித்தான் டாக்டரிடம் கேளுங்கள்: இரண்டு வருடத்துக்கு முன் எதற்காகத் தொடங்கினோம், இன்னும் வேண்டுமா? இரண்டு வாரத்துக்கு எழுதிய சீட்டு இரண்டு வருடம் ஓடுவது நம் ஊரில் சகஜம். திடீரென்று நிறுத்தினால் அமிலம் எகிறிக்கொண்டு வரும், படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மகன் வாங்கிய டப்பாவின் பின்பக்கத்தில் ‘பைரிடாக்சின்’ என்ற வரியைத் தேடுங்கள். அதுதான் பி6. உடம்புக்கு ஒரு நாளைக்கு 2 மி.கி. போதும். பி6 குறைந்தாலும் நரம்பு கெடும், அதிகமானாலும் கெடும். அப்படி இரண்டு பக்கமும் கடிக்கிற வைட்டமின் அது. காசநோய்க்கு ஐசோநையாசிட் சாப்பிடுகிறவர்களுக்குப் பி6 சேர்த்தே கொடுப்பது குறைவு வராமல் இருக்க. மறுபக்கம், நாளுக்கு 200 மி.கி., அதற்கு மேல் என்று மாதக்கணக்கில் போட்டவர்களுக்குக் கால் மரத்தது நன்றாகத் தெரிந்த விஷயம். அதைவிடக் குறைந்த அளவிலும் சிலருக்கு வந்திருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் உச்ச வரம்பை 12 மி.கி. என்று இறக்கிவிட்டது. உங்கள் டப்பாவில் 50, 100 என்று போட்டிருந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இனி, சுகரால் வரும் நரம்புப் பாதிப்பு ஏன் விரல் நுனியில் தொடங்குகிறது என்று பார்ப்போம். கால் விரலுக்குப் போகும் நரம்பு இழையின் தாய்ச் செல் முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து விரல்வரை ஒரே இழை, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். சத்தும் சரக்கும் அந்தத் தூரம் முழுக்கப் போய்ச் சேர வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வராதது மாதிரி, கோளாறு என்றால் முதலில் காய்வது கடைசி வயல். அதனால்தான் இரண்டு காலிலும் ஒரே சமயத்தில், விரலில் தொடங்கி, சாக்ஸ் போட்ட இடம்போல மேலே ஏறும். முழங்கால் அருகே வரும்போதுதான் கைவிரல் நுனியில் தொடங்கும்.

இந்த ஒழுங்கு தப்பினால் வேறு காரணம் தேட வேண்டும். ஒரே காலில் மட்டும், அதுவும் இடுப்பிலிருந்து மின்னல் போல இறங்கினால் முதுகுத்தண்டு வட்டு நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். முழங்காலுக்கு வெளிப்பக்கத்தில், எலும்புக்கு மேலே தோலுக்குச் சற்று அடியில் ஒரு நரம்பு ஓடுகிறது. மணிக்கணக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாலோ குத்துக்காலிட்டு வேலை செய்தாலோ அது நசுங்கும். அப்போது மரப்பது பாதத்தின் மேற்புறமும் கெண்டையின் வெளிப்பக்கமும். பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பின் முன்பக்கம் தரையில் தட்டும். மூன்றாவது, நான்காவது விரலுக்கு நடுவில் மட்டும் கூழாங்கல்லை மிதிப்பது போல வலித்தால் அங்கேயே நரம்பு தடித்திருக்கலாம். காலோடு கையும் ஒரே நேரத்தில் மரத்து, நடை தள்ளாடினால் பி12 அல்லது கழுத்துத் தண்டுவடம். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுத்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அது ரத்தக் குழாய் அடைப்பு. பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களிடம் இதை முதலில் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் விட்டுவிடக் கூடாத இன்னொன்று தொழுநோய். தேமல் போல வெளிறிய திட்டு, அதில் தொட்டால் தெரியாது, வியர்க்காது, முடி உதிர்ந்திருக்கும். இப்படி உடம்பில் எங்கே இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம், முழுக்கக் குணமாகிற நோய். மது, கீமோதெரபி மருந்துகள், நீண்டநாள் சாப்பிட்ட மெட்ரோனிடசோல், பெயரில்லாத பொட்டலத்தில் வரும் பற்பமும் செந்தூரமும் இவையும் நரம்பைக் கெடுப்பவைதான். சரியாகச் சுத்தி செய்யாததில் ஈயமும் பாதரசமும் ஆர்செனிக்கும் இருக்கலாம். வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். சுவர் விளம்பரங்கள் எல்லாவற்றுக்கும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒரே பெயர் வைத்திருக்கின்றன. அந்தச் சொல்லை நம்பி எந்த லேகியத்தையும் வாங்கி விடாதீர்கள்.

உங்கள் பாதிப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல் என்று ஆறு விரல்களையும் தொட வேண்டும். இறகு படுவது போல ஓரிரு நொடி தொட்டால் போதும்; அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. தெரியவில்லை என்பதற்காக மறுபடி தொடவும் கூடாது. பட்டதும் ‘வலது’, ‘இடது’ என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியாமல் போனால் காலைக் காயத்திலிருந்து காக்கும் தொடு உணர்வு குறைந்துவிட்டது என்று பொருள். இது போக இரண்டு கேள்விகள். நடக்கும்போது செருப்பு கழன்றதே தெரியாமல் நாலடி போயிருக்கிறீர்களா? முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடிச் சுவரைப் பிடிக்கிறீர்களா? இரண்டில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றால் உணர்வைச் சுமக்கும் பெரிய நரம்பு இழைகள் வரை பாதிப்பு வந்திருக்கலாம். டாக்டர் இதையே 10 கிராம் நைலான் இழையாலும், நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையாலும், குதிகால் மேலே சுத்தியலால் தட்டியும் பார்ப்பார். நரம்புக் கடத்தல் சோதனை எல்லோருக்கும் தேவைப்படாது. அது பெரிய இழைகளை மட்டும்தான் அளக்கும். எரிச்சலைச் சுமக்கும் மெல்லிய இழைகள் மட்டும் கெட்டிருந்தால் ‘நார்மல்’ என்றே வரும். அந்தச் சீட்டைப் பார்த்து ‘எல்லாம் மனப்பிரமை’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எரிச்சலுக்கான மருந்துக்கு வருவோம். பிரிகாபாலின் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். எடுத்த எடுப்பில் 75 மி.கி. கொடுத்தால் பலருக்குத் தலை சுற்றும். இரவு தூங்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு 25 அல்லது 50 மி.கி. என்று தொடங்கி, வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றினால் அதே மருந்து பலருக்குத் தாங்கும். கால் வீக்கமும் எடை கூடுவதும் அதன் பக்கவிளைவுகள். பத்து நாளில் நிறுத்தியது பரவாயில்லை. மாதக்கணக்கில் சாப்பிட்ட பிறகு ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. இது வேண்டாம் என்றால் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இரவில் (கண் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீர் அடைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது), அல்லது டுலாக்செடின் 30 மி.கி. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வாரம், பின்பு 60. டுலாக்செடின் முதல் வாரம் குமட்டும், அப்புறம் அடங்கும். 2022இல் பிரிட்டனில் இந்த மூன்றையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்தபோது வலியைக் குறைப்பதில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆகவே எது உங்கள் உடம்புக்குத் தாங்குகிறதோ அதுவே உங்கள் மருந்து. சரியான அளவுக்கு வந்தபின் நாலு வாரமாவது பொறுக்க வேண்டும். எரிச்சல் பாதியாகக் குறைந்தாலே அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளுங்கள். இவை எரிச்சலைக் குறைக்கும், மரத்துப்போனதைத் திருப்பிக் கொடுக்காது. மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இந்த வலிக்குக் கேட்காது. சுகர் உள்ளவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்துவைக்கும். மிளகாயிலிருந்து எடுக்கும் கேப்சைசின் களிம்பு 0.075 சதவீதம் சிலருக்கு உதவும். நாளுக்கு மூன்று நான்கு முறை, முதல் இரண்டு வாரம் இன்னும் எரியும், தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் தெரியும் சேதி.

இரவில் போர்வை படாமல் இருக்கக் கால் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூலைக் கவிழ்த்து அதன் மேல் போர்வையைப் போடலாம். தளர்வான பருத்தி சாக்ஸ் சிலருக்கு நிம்மதி தரும். சாதாரணத் தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைத்து, விரல் இடுக்குவரை துடைத்துவிட்டுப் படுக்கலாம். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

பக்கத்து வீட்டு அக்காவின் வெந்நீர் வைத்தியத்தை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்கிறேன். எரிச்சலாக இருக்கும் கால் சூட்டை நன்றாக உணரும் என்று நமக்குத் தோன்றும். உண்மையில் சூட்டையும் குளிரையும் சொல்லும் மெல்லிய இழைகளே முதலில் கெடுகின்றன. கொதிநீரில் வைத்துவிட்டு ‘சுகமாக இருக்கிறது’ என்று சொல்லி, மறுநாள் காலையில் கொப்புளத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. ஹாட் பேக், மின் ஒத்தடமும் அப்படியே. கோயில் பிராகாரக் கருங்கல்லில் சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நடப்பதும் அதே கதைதான். அதிகாலையில் போய் வாருங்கள், தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

காலை எடுக்கும் நிலை பற்றிக் கேட்டீர்கள். எரிச்சலும் ஊர்தலும் அதற்கு நேரான வழி இல்லை. எரிச்சல் தானாக நின்றுபோய், அதோடு உணர்வும் போன காலைத்தான் நான் பயந்து பார்ப்பேன். ஆணி குத்தியது தெரியாது, கொப்புளம் தெரியாது, தரையில் படுத்திருக்கும்போது எலி கடித்தது தெரியாது. வலி இல்லாததால் அதே காலில் நடந்து, புண் ஆழமாகி, கிருமி எலும்புக்குப் போகிறது. அந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுக்கலாம். தினமும் இரவு, வெளிச்சத்தில், உள்ளங்காலின் கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து விரல் இடுக்குகளோடு சேர்த்துப் பாருங்கள். உள்ளங்காலில் தேங்காய் எண்ணெய் தடவலாம், இடுக்கில் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். கால் ஆணிக்குக் கடையில் விற்கும் பிளாஸ்திரி தோலை அரிக்கும் அமிலம், தொடாதீர்கள், பிளேடும் கூடாது. ஹவாய் செருப்பின் வார் விரல் இடுக்கை அறுக்கும், கழன்றும் போகும். பின்னால் பட்டை உள்ள, மெத்தென்ற ரப்பரால் செய்த எம்சிஆர் செருப்பை, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போய் அளவு பார்த்து வாங்குங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுவிட்டுக் கழற்றி, சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். புண் வந்தால் மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவி, துணி கட்டி, வலி இல்லாவிட்டாலும் மறுநாளுக்குள் டாக்டரிடம் காட்டுங்கள்.

போகுமா என்ற கேள்விக்கு நேரான பதில்: பி12 குறைவால் வந்த பங்கு, எட்டு மாதமே ஆகியிருப்பதால், பெரும்பாலும் மீளும். சில வாரங்களில் தொடங்கி ஆறு மாதம், ஒரு வருடம் வரை முன்னேற்றம் தெரியும். நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், அவசரப்படுத்த முடியாது. வளரும்போது நடுவில் குத்தல் கொஞ்ச நாள் கூடவும் செய்யலாம், அதைக் கண்டு ஊசியை நிறுத்தாதீர்கள். சுகரால் வந்த பங்கை முழுக்கத் திருப்ப இன்றைக்கு மருந்து இல்லை, ஆனால் இதே இடத்தில் நிறுத்திவைக்கப் பார்க்கலாம். 7.1 நல்ல எண். அதைப் பட்டினி கிடந்து வேகமாக 6க்கு இழுக்க வேண்டாம். மிக அதிகமாக இருந்த சுகர் சில வாரத்தில் சட்டென்று இறங்கினால் அதனாலேயே நரம்பு வலி கிளம்புவது உண்டு.

சில அறிகுறிகளுக்கு மட்டும் சோதனைச் சீட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. மதமதப்பும் பலவீனமும் சில நாட்களிலேயே பாதத்திலிருந்து தொடைக்கு ஏறி, மாடிப்படி ஏற முடியாமல் போனால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சுத் தசைவரை போகிற நரம்பு நோயாக இருக்கலாம். மறைவிடமும் தொடையின் உட்புறமும் மரத்து, சிறுநீர் கழிப்பது கட்டுப்பாட்டில் இல்லை என்றாலும் அப்படியே. இன்னொன்றை டாக்டர்களே சில சமயம் தவறவிடுவார்கள்: வலியே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றக் காலைவிடத் தொட்டால் சூடாக இருப்பது. காய்ச்சல் இல்லை, புண் இல்லை, சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடப்பார்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கும், முதல் சில வாரம் எக்ஸ்ரேகூட நார்மலாக இருக்கலாம். அப்படி வந்தால் அந்தக் காலை ஊன்றுவதை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு, ‘சுகர் கால்’ பார்க்கும் டாக்டரிடம் யாரையாவது அழைத்துப் போகச் சொல்லுங்கள்.